கிராமத்துப் பிள்ளைகளுக்கு மனநல சிகிச்சை: பெங்களூருக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூர் சாலை வழியாக பெங்களூருக்குள் நுழையும் காலைப் பேருந்துகளில், கையில் பழைய ஸ்கேன் உறையும் மடியில் தூங்கும் பிள்ளையுமாக உட்கார்ந்து, சில்க் போர்டு தாண்டியதும் நடத்துநரிடம் "நிம்ஹான்ஸ் வந்துவிட்டதா" என்று, அந்த மத்திய அரசு மனநல, நரம்பியல் மருத்துவமனையை விசாரிக்கும் குடும்பங்களை அடிக்கடி காணலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து வரும் இவர்களுக்குப் படிவம் நிரப்பவும் பேச்சை மொழிபெயர்க்கவும் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். நான் மருத்துவர் அல்ல; எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. காத்திருக்கும் பெஞ்சில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்களே இவை.

பிள்ளை முன்புபோல இல்லை. இது வயதுக் கோளாறா, நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாள் கோபத்தையோ இரண்டு நாள் சோர்வையோ வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. மாற்றம் வாரக்கணக்கில் நீடிக்கிறதா, தூக்கம், சாப்பாடு, படிப்பு, விளையாட்டு ஆகியவற்றைக் கெடுக்கிறதா என்பதைத்தான் மருத்துவர்கள் முதலில் விசாரிக்கிறார்கள். மனது சரியில்லை என்று பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வது அரிது; வயிறு வலிக்கிறது, தலை வலிக்கிறது என்றுதான் சொல்வார்கள். திங்கட்கிழமை காலையில் தொடங்கி, பள்ளிப் பேருந்து போனதும் தணிந்து, ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்க்காத வயிற்றுவலிக்கு மூன்று ஊர்களில் ஸ்கேன் எடுத்துவிட்டு, கடைசியில் மனநலப் பிரிவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வலி பொய் அல்ல, பிள்ளைக்கு உண்மையாகவே வலிக்கிறது. பள்ளியில் என்ன நடக்கிறது என்று யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பதின்வயதுப் பிள்ளைகளிடம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், திடீரென மயங்கி விழுவதும் கை கால் இழுத்துக்கொள்வதும் நேரும்போது, ஊரில் அதைக் காத்து கருப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். அது மூளையில் எழும் வலிப்பாக இருக்கலாம். மன அழுத்தம் உடலின் வழியே வெளிப்படுவதாகவும் இருக்கலாம். சிலருக்கு இரண்டுமே உண்டு. இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவது மருத்துவருக்கே எளிதன்று. ஆகையால் அடுத்த முறை வரும்போது, ஒருவர் பிள்ளையைப் பத்திரமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க, இன்னொருவர் செல்போனில் ஒரு நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாயால் சொல்லும் அரைமணிநேர விவரத்தைவிட அந்த ஒரு நிமிடம் மருத்துவருக்குப் பயன்படும்.

இதெல்லாம் நகரத்துப் பிள்ளைகளுக்கு வருவதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது தெரியவந்தது. பெருநகரங்களில் விகிதம் கூடுதல்தான், ஆயினும் கிராமங்கள் விலக்கல்ல. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். அப்பா தாமதமாகப் பேசியிருக்கலாம்; அதற்காக இந்தப் பிள்ளையைப் பரிசோதிக்காமல் விடுவதில் யாருக்கும் லாபம் இல்லை. ஒன்றரை வயதிலும் ஒரு சொல் கூட வரவில்லை, இரண்டு வயதிலும் இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே ஆட்டிசம் என்று பயந்து ஓடிவருபவர்களும் உண்டு, ஆட்டிசத்தைக் காது மந்தம் என்று நினைத்து இரண்டு ஆண்டுகளை இழந்தவர்களும் உண்டு.

இதற்காக உடனே பெங்களூருக்கு வர வேண்டியதில்லை. 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் வந்து பரிசோதிக்கும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் இருக்கின்றன. வளர்ச்சித் தாமதம் இருப்பதாகத் தெரிந்தால் சிறு வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும், மாவட்ட அளவில் உள்ள தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள். அந்தக் குழு எந்த நாளில் வருகிறது என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வையுங்கள்; அன்றைக்குப் பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துப் போனோம். அதைச் சொன்னால் மருத்துவர் கோபிப்பாரா?

நான் உடன் இருந்த அறைகளில் எந்த மருத்துவரும் அதற்காகக் கோபித்ததில்லை, மறைத்தால்தான் சிக்கல். கயிறு கட்டுவதாலும் திருநீறு பூசுவதாலும் கெடுதல் ஒன்றுமில்லை, குடும்பத்துக்கு அது தைரியம் தருமானால் செய்யட்டும். நாட்டு மருந்து என்று உள்ளுக்கு ஏதாவது கொடுத்திருந்தால், பட்டினி போட்டிருந்தால், அடித்திருந்தால், அதை மட்டும் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். பிள்ளையைக் கட்டிப்போடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

நேராக பெங்களூருக்கு வந்துவிடலாமா, முதலில் ஊரிலேயே காட்ட வேண்டுமா?

என் கருத்தைக் கேட்டால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலில் மாவட்டத்தில் காட்டுவதே நல்லது. பரிந்துரைக் கடிதம் இல்லாவிட்டால் பெங்களூரில் பார்க்கமாட்டார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. மனநல சிகிச்சை ஒரே நாளில் முடிகிற காரியம் அல்ல. மாதத்துக்கு ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ, ஆண்டுக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும். அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து ஒரு தந்தை பிள்ளையுடன் பெங்களூர் வந்து திரும்ப இரண்டு நாள் கூலி போகிறது, அதற்கு மேல் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் இருக்கின்றன. முதல் தடவை கடன் வாங்கியாவது வந்துவிடுகிறார்கள். மூன்றாம் தடவை விதைப்பு, நான்காம் தடவை மழை, பிறகு யாரும் வருவதில்லை. வராமல் போனவர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஏற்பாடே அவர்களால் தொடர முடியாதது.

இதை யோசித்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். பெங்களூரை அடுத்த சகலவாரா என்னும் ஊரில் நிம்ஹான்ஸ் 1970களின் நடுவில் ஒரு கிராமிய மையத்தை அமைத்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் அடிப்படை மனநல சிகிச்சையில் பயிற்சி அளித்தது. அந்த அனுபவம் பெல்லாரி மாவட்டத்தில் விரிவாகச் செய்து பார்க்கப்பட்டு, 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக நாட்டின் பிற பகுதிகளுக்கும் போனது. இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அந்தத் திட்டம் நடக்கிறது. குழுவினர் குறித்த நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே குழந்தைகளுக்கென்றே படித்த மனநல மருத்துவர் இல்லாமல் போகலாம். எனினும் பொது மனநல மருத்துவர் பார்த்து மருந்து தொடங்கவும், தேவை என்றால் மேலே அனுப்பவும், பிறகு தொடர்ந்து பார்க்கவும் முடியும்.

நோய் இன்னதென்று ஊரில் தெளிவாகாதபோதும், மருந்துக்குக் கட்டுப்படாதபோதும், உள்நோயாளியாக வைத்துப் பார்க்க வேண்டியபோதும் பெங்களூர் வாருங்கள். வேலூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் வளாகத்தில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது. முழுக்கத் தமிழிலேயே பேசலாம் என்பது பெரிய வசதி. எங்கே போனாலும், கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "இந்த மருந்தை எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாரிடம் தொடரலாம், அவருக்கு ஒரு கடிதம் தருவீர்களா?"

நிம்ஹான்ஸில் முதல் நாள் எப்படி இருக்கும்?

மடிவாளாவைத் தாண்டி, டெய்ரி சர்க்கிளுக்கு அப்பால், ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. பழைய பெங்களூர்த் தமிழர்கள் இன்றும் "மெண்டல் ஆஸ்பத்திரி" என்றுதான் வழி சொல்வார்கள், அதைக் கேட்டு மனம் சுருங்க வேண்டாம். மைசூர் மாநில மனநல மருத்துவமனையும், 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்து உருவானது அது, வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும்கூட அங்கேதான் வருகிறார்கள். காலையிலேயே பதிவு செய்து சீட்டு வாங்க வேண்டும். முதலில் ஒருவர் சுருக்கமாக விசாரிப்பார். விரிவான மதிப்பீட்டுக்கு வேறொரு தேதி தரப்படலாம். அன்றே எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணி இரவுப் பேருந்துக்கு முன்பதிவு செய்துவிடாதீர்கள். ஒரே பிள்ளையை மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று பலர் பார்ப்பார்கள், ஒரே கேள்வியைப் பலர் கேட்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும்.

குடும்பத்தின் வருமானம் குறைவு என்றால் அதைக் காட்டும் அட்டையையோ சான்றிதழையோ கொண்டு வந்து, கட்டணச் சலுகை பற்றிச் சமூகப் பணியாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

யார் கூட வர வேண்டும்? என்ன கொண்டு வர வேண்டும்?

பிள்ளையோடு அன்றாடம் இருப்பவர் வர வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு முறை ஒன்பது வயதுப் பையனை அவனுடைய பெரியப்பா அழைத்து வந்திருந்தார். ஊரில் நாலு பேரிடம் பேசத் தெரிந்தவர் அவர்தான். பிறந்தவுடன் அழுதானா, எப்போது நடந்தான், இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று கேட்கக் கேட்க, அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஊருக்குப் போன் போட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பையனின் அம்மாவை ஸ்பீக்கரில் கேட்டார்கள். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் மாதம், நாள், கிழமையோடு பதில் சொன்னார். அவரை முதலிலேயே கூட்டி வந்திருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும்.

பிறந்த மருத்துவமனையின் சீட்டு, தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், மாத்திரை அட்டைகள் ஆகியவற்றோடு, பள்ளி நோட்டுகளில் இரண்டு மூன்றையும் எடுத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியல் சொல்லாததைப் பிள்ளையின் கையெழுத்தும் அழித்தெழுதிய பக்கங்களும் சொல்லும். வகுப்பாசிரியர் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

எங்களுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் தெரியாதே?

தமிழ் தெரிந்த மருத்துவர்களும் செவிலியர்களும் அங்கே அரிதல்ல. தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர் யாரையாவது மொழிபெயர்க்க அழைத்து வந்தால், அவர் முன்னால் பிள்ளை மனம்விட்டுப் பேசுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளை சொல்ல வேண்டிய விஷயம் அந்த மாமாவைப் பற்றியதாகவே இருக்கலாம்.

அட்மிட் செய்யச் சொன்னால் பிள்ளையைத் தனியாக விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது, பெற்றோரோ அவர்கள் ஏற்படுத்தும் துணையாளரோ முழு நேரமும் உடன் இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. பெண் பிள்ளையின் காப்பாளர் ஆணாக இருந்தால், ஒரு பெண் துணையாக இருந்தாக வேண்டும். ஆகவே யார் தங்குவது, வீட்டில் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பயப்படும் மின் அதிர்வு சிகிச்சையைப் பொறுத்தவரை, சிறார்களுக்குக் காப்பாளரின் ஒப்புதலும் மனநல ஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் அதைச் செய்ய முடியாது.

மாத்திரை பழகிவிடுமா? ஊர் மருந்துக்கடையில் கிடைக்குமா?

எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை தருவதில்லை. பலருக்குப் பெற்றோர்க்கான பயிற்சியும், பேச்சு வழி சிகிச்சையும், பள்ளியில் சில மாற்றங்களுமே போதும். தந்தால், எதற்கு, எத்தனை காலம், என்ன பக்கவிளைவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தூக்கம் கூடுவது, எடை ஏறுவது, பசி குறைவது போன்றவை மருந்துக்கு மருந்து மாறும். பிள்ளை சோர்ந்து தெரிகிறது என்று நீங்களாகவே நிறுத்திவிட்டால் நோய் திரும்புவதோடு, சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து.

இரண்டாம் கேள்விதான் முக்கியம், அதை யாரும் முதல் நாளில் கேட்பதில்லை. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளைகளுக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் என்ற மருந்து, மருந்துச் சட்டத்தின் எக்ஸ் பட்டியலில் இருக்கிறது. தனி உரிமம் பெற்ற கடைகளில் மட்டுமே அதை விற்கலாம், சீட்டின் ஒரு படியைக் கடைக்காரர் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், தொலைபேசி வழி ஆலோசனையில் அதை எழுதித் தரவும் முடியாது. ஒரு மாத மருந்தோடு பாலக்கோடு திரும்பிய ஒரு தாய், அடுத்த மாதம் நான்கு கடைகளில் "இது இங்கே வராது" என்று கேட்டுவிட்டு, மருந்தையே விட்டுவிட்டார். கேட்டிருந்தால் மருத்துவர் வேறு மருந்தையோ வேறு வழியையோ யோசித்திருப்பார். சீட்டை மடிப்பதற்கு முன் "இது எங்கள் மாவட்டத்தில் கிடைக்குமா" என்று கேளுங்கள்.

பெங்களூர் வராமல் போனிலேயே பேச முடியாதா?

முடியும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மனஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவையானால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். மருத்துவரோடு தொலைவழி ஆலோசனை பெறும்போது, சிறாராக இருந்தால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பேசாத குழந்தைக்கும், முதல் மதிப்பீட்டுக்கும் போன் போதாது. ஏற்கெனவே நோய் தெரிந்து மருந்து ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, நடுவில் வரும் சந்தேகங்களைத் தீர்க்க அது மிகவும் கைகொடுக்கும்.

"செத்துப்போகிறேன்" என்று அடிக்கடி சொல்கிறாள். சும்மா மிரட்டுகிறாளா?

மிரட்டல் என்று வைத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். அமைதியாகப் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றைக்கே வீட்டிலும் கொட்டகையிலும் இருக்கும் பூச்சிமருந்தையும் எலி மருந்தையும், பாட்டியின் மாத்திரைகளையும் பூட்டி வைத்துச் சாவியை ஒரே ஆள் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வீட்டைவிட்டே அகற்றுங்கள். அவளைத் தனியே விடாமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதற்குள் 14416இல் பேசுங்கள். ஏற்கெனவே எதையாவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் 108ஐ அழையுங்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று தாமதிக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் சட்டத்தில் 115ஆம் பிரிவு சொல்கிறது. யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவது தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

பெண் பிள்ளை. வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணம் எப்படி?

பொதுவாக, மருத்துவமனை உங்கள் அனுமதியின்றி வெளியாருக்குத் தகவல் தரக்கூடாது என்பது சட்டம். ஊர் வாயை மூட சட்டம் இல்லை, உண்மைதான். நான் பார்த்தவரை, காலத்தோடு சிகிச்சை பெற்றுப் பத்தாம் வகுப்பை முடித்த பெண்ணைப் பற்றி ஊர் பேசுவது குறைவு. மறைத்து வைத்து, ஒரு நாள் தெருவில் ஓடியபின் பேசுவதுதான் அதிகம்.

நாங்கள் இருவரும் பெங்களூரில் கட்டட வேலை. பிள்ளை ஊரில் பாட்டியிடம் இருக்கிறான். எங்கே காட்டுவது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள். மருத்துவமனை உங்கள் வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, பிள்ளையோ நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான். விடுமுறையில் வந்தவனை நீங்கள் காட்டுகிறீர்கள். மருத்துவர் சொல்லும் பழக்கங்களை நீங்கள் கேட்டுக்கொள்கிறீர்கள். நடைமுறைப்படுத்த வேண்டிய பாட்டிக்கு அதில் ஒரு வார்த்தையும் போய்ச் சேருவதில்லை. மருத்துவருக்கு எதிரில் பாட்டியைப் போனிலாவது இணைத்துவிடுங்கள். மாத்திரையைக் காலை, இரவு என்று இரண்டு வண்ண டப்பாக்களில் பிரித்துக் கொடுங்கள். தொடர் சிகிச்சையைப் பிள்ளை இருக்கும் மாவட்டத்துக்கே மாற்றிக் கேளுங்கள்.

பிள்ளையும் உங்களோடு ஆனேக்கல், ஹொசகோட்டே பக்கம் வேலையிடத்துக் கொட்டகையில் இருந்தால், நகருக்குள் வரும் முன் தாலுகா மருத்துவமனையில் விசாரியுங்கள். கர்நாடகத்தின் மனோசைதன்யா திட்டத்தில் செவ்வாய்க்கிழமைகளில் மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு வந்து பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதான் இருக்கிறது என்பதற்காக வெளிநோயாளர் சிகிச்சைக்குத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டையை மட்டும் கர்நாடகத்தில் பயன்படுத்த முடியாமல் போகலாம்.

பள்ளியில் "இவனை வேறு எங்காவது சேருங்கள்" என்கிறார்கள். சான்றிதழ் வாங்கினால் பயன் உண்டா?

உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவை அவற்றில் அடங்கும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் பெரும்பாலான சலுகைகள் திறக்கும். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதும் ஆளும் கேட்கலாம். அறிவுத்திறன் குறைபாடுள்ளவர் துணையோடு ரயிலில் போகும்போது, படுக்கை வகுப்பில் இருவருக்கும் 75 விழுக்காடு கட்டணம் குறைகிறது. பெங்களூரில் மதிப்பீடு செய்திருந்தாலும், தமிழ்நாட்டு உதவித்தொகைக்கான சான்றிதழையும் அடையாள அட்டையையும் சொந்த மாவட்டத்தில் வாங்குவதே வசதி. பெங்களூர் அறிக்கையை அங்கே காட்டுங்கள்.

மறுதேதியைத் தவறவிட்டு ஓராண்டு ஆகிவிட்டது. இப்போது போனால் திட்டுவார்களா?

யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லக்கூடும். கேட்டுக்கொண்டு உட்காருங்கள், எழுந்து வந்துவிடாதீர்கள். பழைய பதிவு எண் இருந்தால் கோப்பு கிடைத்துவிடும். அந்தச் சீட்டைத் தொலைத்துவிட்டிருந்தால், பிள்ளையின் பெயரையும் முதலில் வந்த ஆண்டையும் சொல்லிப் பதிவு செய்யும் இடத்தில் கேளுங்கள். மருந்தை எந்த மாதம் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள்; பேருந்துக்குக் காசில்லை என்பதும் ஒரு காரணம்தான், மருத்துவர் அதையும் எழுதிக்கொள்வார். சென்ற மாதம் அப்படி வந்த ஒருவர், எண் எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் பதினாலு மாதம் வைத்திருந்ததாகச் சொன்னார். கோப்பு பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.